சுவிட்ச் எட்டவில்லை, அதனால் நான்கு வயது ஆகவில்லை

நான்கு வயதுக்காரியின் அம்மா

சென்ற வாரம் என் மகளுக்கு நான்கு வயது நிறைந்தது. அன்று காலையில் நடந்ததை உறவினர்களிடம் சொன்னால் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் பிறகு உங்கள் வீட்டுக் கதையையும் சொல்வீர்கள் அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிட்டாள். புதுச் சட்டையைக் கேட்கவில்லை, பரிசு எங்கே என்று தேடவில்லை. நேராகக் கூடத்துச் சுவரில் இருக்கும் விளக்குச் சுவிட்சின் கீழே போய் நின்று கையைத் தூக்கினாள். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றாள். இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, சத்தமே வராமல் அழ ஆரம்பித்தாள். என் மகள் சத்தமில்லாமல் அழுது நான் பார்த்ததில்லை, பயந்துவிட்டேன்.

கேட்டுக் கேட்டுக் கடைசியில் காரணம் வெளியே வந்தது. காரணம் நான்தான். சில மாதங்களுக்கு முன்பு, சமையலறையில் கை வேலையாக இருந்தபோது, விளக்கைத் தானே போட வேண்டும் என்று அடம் பிடித்தாள். “நான்கு வயதானால் உனக்கே எட்டும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது வாயை அடைக்கச் சொன்ன ஒரு சொல். அவளுக்கோ நாள் குறித்துக் கொடுத்த வாக்கு.

கொஞ்ச நேரத்தில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தாள். “இன்னும் யாரும் வரவில்லை, பாட்டுப் பாடவில்லை. அதனால்தான் நான்கு வயது வரவில்லை.” மாலையில் எல்லாரும் வந்தார்கள், பாடினார்கள், கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் கூட்டத்திலிருந்து நழுவி மறுபடியும் சுவிட்சுக்கு அடியில் போய் நின்றுவிட்டாள். அன்று எடுத்த படங்களில் பாதியில் அவள் இல்லை, அவளுடைய சித்தப்பாவும் பலூனும் மட்டும்தான் இருக்கிறார்கள். இந்த முறை அழவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறந்தநாள் என்றால் என்னவென்று உங்கள் குழந்தைகள் நினைத்தார்கள்? நான் இதுவரை யோசித்ததே இல்லை.

இரட்டையரைப் பெற்றவள்

சகோதரி, உங்களுக்கு ஒருத்தி. எனக்கு இரண்டு பேர், அதிலும் ஒரே நாளில் பிறந்தவர்கள். மூத்தவன் என்று சொல்லப்படுகிறவன் ஏழு நிமிடம் முந்தி வந்தவன்.

நான்காவது பிறந்தநாள் அன்று இளையவனுக்குக் கடும் காய்ச்சல். மூத்தவனை மட்டும் மழலையர் பள்ளிக்கு அனுப்பினோம். அங்கே காகிதக் கிரீடம் வைத்து, நாற்காலியில் நிற்க வைத்துப் பாடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தம்பியின் கட்டில் அருகே நின்று கிரீடத்தோடு அறிவித்தான்: “எனக்கு நான்கு. உனக்கு மூன்று.” தம்பியும் மறுக்கவில்லை! அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலில் படுத்திருந்தவன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான். அடுத்த நான்கு நாட்கள் அந்த வீட்டில் ஒரு நான்கு வயதுக்காரனும் ஒரு மூன்று வயதுக்காரனும் இருந்தார்கள். பெரியவன் சின்னவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டான், “நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது” என்று பொறுப்போடு பேசினான். இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று நானும் என் கணவரும் மாறி மாறிச் சொன்னோம். “பிறந்தது ஒரே நாள்தான், ஆனால் அவனுக்கு இன்னும் பாடவில்லையே” என்றான் பெரியவன்.

காய்ச்சல் விட்டதும் வீட்டிலேயே ஒரு மாலை இளையவனுக்குக் கிரீடம் செய்து பாடினோம். பெரியவனை முன்வரிசையில் உட்காரவே விடவில்லை. அவனுக்கும் இன்னொரு முறை பாடியதாகிவிட்டால் அவன் ஐந்துக்குப் போய்விடுவானாம், இவன் மறுபடி பின்தங்கிவிடுவானாம். இது இளையவன் போட்ட நிபந்தனை.

ஓய்வில் இருக்கும் தாத்தா

அந்த நிபந்தனையைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் பேத்தியின் கதையை எழுதும்படி அவள்தான் சொன்னாள்.

பேத்திக்கு மூன்று வயது நிறைய இரண்டு வாரம் இருந்தபோது, யாரோ அவளிடம் உளறிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்தால் “இன்றைக்கா?”, இரவு படுத்தால் “நாளைக்கா?”. அவளுக்கு நேற்று என்றால் நடந்து முடிந்த எல்லாமும் நேற்று. நாளை என்றால் இனி வருகிற எல்லாமும் நாளை. பொறுமை போய், ஒரு கயிறு எடுத்து 14 முடிச்சுப் போட்டேன். தினம் காலையில் ஒன்றை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழ்கிற நாளில் பிறந்தநாள். நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான், இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அவளுடைய பிஞ்சு விரலுக்கு வசதியாக, இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட்டதுதான் நான் செய்த பிழை.

மூன்றாம் நாள் மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். யாரோ தோளை உலுக்கினார்கள். எழுந்தால், கையில் ஒரு முடிச்சும் இல்லாத வழவழப்பான கயிறு. “தாத்தா, இன்றைக்கு!” மீதி இருந்த 11 முடிச்சையும் உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறாள். இரண்டைப் பல்லால், கயிற்றில் ஈரம் இருந்தது.

இல்லை அம்மா, அது அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என்னவென்று சொல்வது? முடிச்சு தீர்ந்தால் பிறந்தநாள் என்று சட்டம் போட்டவனே நான். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டியும் நானும் அவளுக்குச் சட்டை மாற்றி, நடுவில் உட்கார வைத்து, இருக்கிற குரலில் பாடினோம். மாலையில் பெற்றோர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மூன்று விரலைக் காட்டினாள். மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கட்டும்.

உண்மையான நாள் வந்தது, விருந்தினர் வந்தார்கள். “யாருக்குப் பிறந்தநாள்?” என்று என்னிடமே கேட்டாள். உனக்குத்தான் என்றேன். கொஞ்சம் யோசித்து நான்கு விரலைக் காட்டினாள். அதன் பிறகு ஒரு மாதம் பார்ப்பவர்களிடமெல்லாம் தனக்கு நான்கு என்றுதான் சொன்னாள். என்னிடமும் கயிறு இல்லை, வாதமும் இல்லை.

மழலையர் பள்ளி ஆசிரியை

ஐயா, உங்கள் பேத்தி தவறான விடை சொல்லவில்லை, அந்த வயதுக்கு உரிய விடையைச் சொல்லியிருக்கிறாள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் வீட்டில் நடந்ததைத்தான் கேள்வியாகக் கேட்டது. கொண்டாட்டமே நடக்காத குழந்தை, இரண்டு முறை நடந்த குழந்தை என்று கதை சொல்லி, இப்போது இவர்களுக்கு என்ன வயது என்று மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் கேட்டார்கள். கொண்டாட்டம்தான் வயதைக் கூட்டுகிறது என்பதுபோல் சின்னவர்களில் பலர் விடை சொன்னார்கள். பெரிய குழந்தைகளிடம் அது குறைந்தது.

சுவிட்சுக் கதைக்கும் பழைய சொந்தம் உண்டு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகள் காலத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1946-இல் எழுதிய நூலில், சிறு குழந்தைகள் உயரத்தை வைத்தே வயதைச் சொல்கிறார்கள் என்று காட்டினார். வளர்ந்து முடித்தவருக்கு வயதும் கூடுவதில்லை என்பது அவர்கள் கணக்கு. என் வகுப்பில் தினம் நடப்பது இது. எங்கள் காவலாளி இளைஞர், ஆனால் நெடிய உருவம். நான் அவரைவிட இருபது வயது மூத்தவள், ஆனால் குள்ளம். குழந்தைகளைப் பொறுத்தவரை நான் அவருக்குத் தங்கை.

ஒரு சிறுமி சொன்னதை மறக்க முடியாது. “எங்கள் பாட்டி பிறந்தநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர்களுக்கு இனிமேல் வயதாகாது.” மற்றவற்றையெல்லாம் திருத்தும் நான் அதை மட்டும் திருத்தவில்லை.

ஒரு வயதுக்காரனின் அப்பா

எல்லார் வீட்டிலும் குழந்தைகள் தத்துவம் பேசுகிறார்கள். என் மகன் அழுதான். அவ்வளவுதான் எங்கள் அனுபவம். முதல் பிறந்தநாள், நாற்பது பேர், எல்லாரும் அவனைத் தூக்க வேண்டும். அந்த வயதில் அறிமுகமில்லாத முகத்தைக் கண்டால் மிரள்வது இயல்பு, ஏழெட்டு மாதத்திலேயே தொடங்கிவிடும் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம். போதாக்குறைக்குப் பகல் தூக்க நேரத்தில் விழாவை வைத்தோம். ஒன்று, இரண்டு வயதில் ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டிய உயிர் அது. அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை. ஒரு மணி நேரம் திறந்து மூடி, கடைசியில் பிய்த்துவிட்டான். எனக்கு அதில் நிம்மதிதான்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

கதைக்கு நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். மேலே எழுதிய சகோதரரே, அந்த அட்டையைப் பிய்த்தானே, அதிலிருந்த பொத்தான் போன்ற பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் தேடுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான தசையோடு சேர்ந்து மின்னோட்டம் ஓடி, 2 மணி நேரத்திற்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். முதலில் அறிகுறியே தெரியாமல் இருக்கலாம். சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாடும் அட்டை, மின்னும் செருப்பு, சின்ன ரிமோட் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வெடித்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், அவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

ஒரு வயதுக்காரனின் அப்பா

சோபாவுக்கு அடியில் இருந்தது. கை இன்னும் நடுங்குகிறது. நன்றி.

பிப்ரவரி 29-இன் அப்பா

என் மகன் 2020 பிப்ரவரி 29-இல் பிறந்தவன். நீங்கள் சொல்லும் சிக்கல் எல்லாம் எங்கள் வீட்டில் நான்கு மடங்கு.

மூன்று ஆண்டுகள் பிப்ரவரி 28-இல் கொண்டாடினோம், ஒரு வம்பும் இல்லை. 2024-இல் முதன்முதலாக உண்மையான 29 வந்தது. ஊதிய பலூன்களுக்கு நடுவே அவனுடைய அத்தை மகன், எட்டு வயது, “இதுதான் உனக்கு முதல் பிறந்தநாள், அப்படியென்றால் உனக்கு ஒரு வயது” என்று போட்டுவிட்டான். மகன் கழற்றி எறிந்த சட்டையை மறுபடி போட வைக்க அரைமணி ஆனது. “நான் பேசுகிறேன், நடக்கிறேன், எனக்கு ஒரு வயதா?” என்று கேட்டுக் கேட்டு அழுதான்.

இரவில் படுக்கையில் ஒரு பந்தையும் கைவிளக்கையும் வைத்து விளக்கினேன். பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற 365 நாள் ஆகிறது, அதற்கு மேலும் 5 மணி 48 நிமிடம் ஆகிறது, அந்த மிச்ச நேரத்தைச் சேர்த்துவைத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உன் நாளைச் செய்கிறார்கள் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் கேட்டான்: “அப்படியானால் பூமி தினமும் தாமதமாக வருகிறதா?” தினமும் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை என்றேன். “யாரும் திட்ட மாட்டார்களா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

நான் தூங்கவில்லை; கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 2100 லீப் ஆண்டு இல்லை. அவனுக்கு 80 ஆகும்போது 29 வராது. 2096 விட்டால் 2104 வரை காத்திருக்க வேண்டும். இதை அவனிடம் யார் சொல்வது? நான் இருக்க மாட்டேன், ஒருவழியாகத் தப்பித்தேன்.

நான்கு வயதுக்காரியின் அம்மா

எல்லாவற்றையும் படித்தேன், இரண்டு முறை. கயிற்றுக் கதையை மகளிடம் சொன்னேன். அந்தச் சிறுமி செய்தது சரி என்கிறாள்.

ஆசிரியை சொன்னதை வைத்து, வளர்ச்சி ஒரே நாளில் வராது என்று காட்ட நினைத்தேன். கதவு நிலையில் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். இந்த வயதில் ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள்; மாதத்திற்கு அரை சென்டிமீட்டர் என்றால் அவள் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. மாதம் ஒருமுறை அளக்கலாம் என்றேன். சரி என்றாள். அன்றே ஏழு முறை அளக்கச் சொன்னாள்.

நேற்று இரவு நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். போய்ப் பார்த்தால், பிறந்தநாளுக்கு வந்த பெரிய பரிசின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நிற்கிறாள். உள்ளே இருந்த பொம்மையை ஒரு நாள்கூடத் தொடவில்லை, பெட்டி மட்டும் ஒரு வாரமாக அவளோடு வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை.

“அம்மா, நான்கு வந்துவிட்டது” என்றாள்.

அந்தப் பெட்டி நெடுநாள் தாங்காது, பலகை முக்காலி ஒன்று தேட வேண்டும். நேற்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விளக்கும் இரண்டு நிமிடத்திற்கு மேல் ஒரே நிலையில் இருப்பதில்லை.