துவைத்து அணியும் சிறுநீர்க் கசிவு உள்ளாடை: அமெரிக்காவுக்கு அனுப்ப 510(கே) வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் பன்னிரண்டு இயந்திரங்களுடன் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். முதியோர் அணியும், துவைத்து மறுபடி பயன்படுத்தக்கூடிய சிறுநீர்க் கசிவு உள்ளாடைக்கு அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. 510(கே), அதாவது மருத்துவச் சாதனத்தை விற்பதற்கு முன் அமெரிக்க அரசிடம் பெறும் அனுமதி, இல்லாமல் ஒரு பெட்டிகூடத் துறைமுகம் தாண்டாது என்று கூறி, ஆலோசகர் ஒருவர் நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார். இது உண்மைதானா?

மறுமொழி 1:
உண்மையில்லை. உறிஞ்சும் அடுக்கும் ஈரம் வெளியேறாத தடுப்பு அடுக்கும் சேர்ந்து, நோயாளியின் உடை நனையாமல் காக்கும் ஆடைக்கு அமெரிக்க விதித் தொகுப்பின் 21-ஆம் தலைப்பில் 876.5920 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. அது முதல் வகுப்பு, அதாவது ஆபத்து மிகக் குறைந்த மருத்துவச் சாதனம். 510(கே)-இலிருந்து விலக்குப் பெற்றது. பொருள் குறியீடு இ.ஒய்.கியூ. கைக்குழந்தைகளின் டயப்பர் இதில் சேராது.

ஆனால் விலக்கு என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.-வில் நிறுவனத்தைப் பதிவுசெய்து, பொருளைப் பட்டியலிட்டு, அமெரிக்காவில் ஒரு முகவரையும் நியமிக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 2025 நிதியாண்டில் 9,280 டாலராக இருந்தது; அதுவே ஆலோசகர் கேட்டதைவிட அதிகம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் முடியப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஆர்டர் சிறியதாக இருந்தால் லாபம் முழுவதும் இதிலேயே போய்விடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வாங்குபவரின் பிராண்டு பெயரில்தான் தைத்துக் கொடுக்கப்போகிறோம். அப்படியானால் பதிவு அவர் பொறுப்புதானே?

மறுமொழி 1:
இல்லை. முழுமையாக முடித்த சாதனத்தை ஒப்பந்தத்தின் பேரில் தயாரித்துக் கொடுப்பவரும் தனியே பதிவுசெய்ய வேண்டும். கட்டணத்தை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
அட்டைப்பெட்டியில் "எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று அச்சிட்டுவிடாதீர்கள். பதிவு எண் கிடைப்பது அங்கீகாரம் ஆகாது. அப்படிக் காட்டிக்கொள்வதைத் தவறான முத்திரையிடல் என்றே அதே 21-ஆம் தலைப்பின் 807.39 பிரிவு கூறுகிறது. எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ் எதையும் வழங்குவதுமில்லை. பளபளக்கும் சான்றிதழ்கள் இடைத்தரகர்கள் அச்சிடுபவை. வெள்ளி இழை சேர்த்து "சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும்" என்று எழுதினால், அந்த ஒரு வரியே உங்கள் விலக்கைக் கேள்விக்குள்ளாக்கிவிடும். ஈரத்தை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவிக்கு 876.2040 என்ற வேறு பிரிவு இருக்கிறது.

மறுமொழி 3:
உற்பத்தித் தர விதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்தும் இந்த ஆடைக்கு விலக்கு உண்டு. பதிவேடுகளும் புகார்க் கோப்பும் மட்டும் கட்டாயம். எங்கள் முதல் லாட்டில், கவட்டைப் பகுதியின் தடுப்புப் படலத்தைக் குத்திக்கொண்டே ஓரத்தையல் ஓடியதால், மூன்று முறை துவைத்தபின் ஊசித்துளை வழியே ஈரம் கசிந்தது. புகாராக வந்த மின்னஞ்சலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு விட்டுவிட்டோம்; லாட் எண்ணைக்கூடக் குறித்து வைக்கவில்லை. பிறகு வாங்குபவரின் தணிக்கையாளர் வந்தபோது முதலில் கேட்டதே அந்தப் புகார்க் கோப்பைத்தான்.