சுடச்சுட வறுத்த சோறு சாப்பிட்டும் வாந்தி, லேப் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. எப்படி?

பட்டர்வொர்த் மல்லி:

வணக்கம். இங்கே லேப்பில் வேலை செய்கிறவர்கள் இருப்பதாகப் பார்த்தேன், அதனால் கேட்கிறேன். போன சனிக்கிழமை வீட்டில் மகளுக்குப் பிறந்தநாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆக்கிய சோறு பெரிய சட்டியில் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. ஃபிரிட்ஜில் கேக், கோழி என்று இடமே இல்லை, மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அதில்தான் நெத்திலி, முட்டை போட்டு நாசி கோரேங் (வறுத்த சோறு). குவாலியில் (வாணலியில்) புகை பறக்க வறுத்தேன், அது சத்தியம். எட்டரைக்குப் பசியாறினார்கள். பத்தே முக்காலுக்குக் கணவருக்கு வாந்தி, கால் மணி நேரத்தில் மகனுக்கு. காய்ச்சல் இல்லை. மாலைக்குள் இருவரும் எழுந்து உட்கார்ந்து தே ஓ (பால் இல்லாத தேநீர்) கேட்டார்கள். நானும் மாமியாரும் தோசை சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகனுக்கு லேசாக வயிற்றுப்போக்கும் இருந்ததால் கிளினிக்கில் மலம் எடுத்து அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து ரிப்போர்ட்: சால்மொனெல்லா இல்லை, ஷிகெல்லா இல்லை (வயிற்றுப்போக்கு தருகிற பாக்டீரியாக்களாம்). "அப்போ சாப்பாட்டில் பிரச்சினை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியாரோ இது விருந்துக்கு வந்தவர்கள் கண்ணூறு என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. அவ்வளவு சூட்டில் வறுத்தால் கிருமி செத்துவிடாதா? லேப்பில் ஒன்றும் இல்லை என்றால் சோற்றில் தப்பே இல்லை என்றுதானே அர்த்தம்?

செராஸ்காரன்:

வைரஸ்தான். இப்போது எல்லா வீட்டிலும் ஓடுகிறது. இளநீர் கொடுங்கள், சரியாகிவிடும்.

ஊதாக்கறை:

மல்லி அக்கா, நான் கோலாலம்பூரில் ஒரு லேப்பில் பாக்டீரியா பிரிவில் இருக்கிறேன், பதினோரு வருடமாக மலமும் சளியும்தான் பிழைப்பு. ரிப்போர்ட்டில் போட்டிருப்பது சரியாகத்தான் இருக்கும். அதை வைத்துச் சோற்றை விடுதலை செய்ததுதான் தப்பு.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா வயல் மண்ணிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். அரிசியாக இருக்கும்போது அது ஸ்போர், தடித்த ஓட்டுக்குள் தூங்குகிற விதை மாதிரி. சோறு கொதிக்கும்போது மற்றதெல்லாம் சாகும், இது சாகாது. சட்டி நிறையச் சோறு மூடிக் கிடந்தால் நடுச்சோறு ஆறவே நள்ளிரவு ஆகிவிடும், அந்த வெதுவெதுப்பில் ஸ்போர் முளைத்துப் பெருகி செருலைடு என்கிற நச்சைச் சோற்றிலேயே கக்கி வைக்கும். நீங்கள் வறுத்தபோது பாக்டீரியா பெரும்பாலும் செத்திருக்கும், நச்சு அப்படியே இருந்திருக்கும். அது 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கும். 121 என்பது நாங்கள் லேப்பில் ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியில் கிருமி நீக்குகிற கருவி) வைக்கும் சூடு, உங்கள் குவாலி பாவம் என்ன செய்யும்.

நேரத்தைப் பாருங்கள், அதுதான் எனக்கு ரிப்போர்ட்டைவிடப் பெரிய சாட்சி. இந்த நச்சு உள்ளே போனால் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும். தயாரான நச்சையே விழுங்கினால்தான் இவ்வளவு வேகம் வரும். சால்மொனெல்லா குடலுக்குள் போய்ப் பெருகி வேலையைக் காட்ட ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரைகூட ஆகும், பெரும்பாலும் காய்ச்சலும் வரும். செராஸ்காரன் சொல்கிற வைரஸ், வாந்தி தருகிற நோரோவைரஸ் என்றால், அதற்கும் அரை நாளாவது வேண்டும், இரண்டே கால் மணி நேரத்தில் வராது. இந்த நோய் வறுத்த சோற்றோடு சேர்த்து முதலில் பேசப்பட்டதே 1971-ல் இங்கிலாந்தின் சீன உணவகங்களில்தான்.

இனி லேப். மலம் வந்ததும் மக்கான்கி, எக்ஸ்.எல்.டி. மாதிரியான அகார் தட்டுகளில் (பாக்டீரியா வளர்க்கிற ஜெல்லித் தட்டுகள்) இழுத்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். காலையில் மக்கான்கியில் இளஞ்சிவப்பாக இருப்பது லாக்டோஸைப் புளிக்க வைக்கிற கூட்டம், பெரும்பாலும் ஈ.கோலை, குடலில் வழக்கமாக இருப்பதுதான். நிறமில்லாமல் கிடந்தால் கண் அங்கே நிற்கும், சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் அப்படித்தான் தெரியும். எக்ஸ்.எல்.டி.யில் சிவப்புக் காலனிக்கு (பாக்டீரியா வளர்ந்து திரண்ட புள்ளி) நடுவே மீன் கண் மாதிரி கறுப்பு இருந்தால் சால்மொனெல்லா சந்தேகம், அப்புறம் சர்க்கரைச் சோதனைகள், ஆன்டிசீரத்தில் (அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி உள்ள திரவம்) திரிகிறதா என்று ஒரு சோதனை.

இதில் விஷயம் என்னவென்றால், மக்கான்கியில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இருக்கிறது, கிராம்-பாசிட்டிவ் (கிராம் கறையில் ஊதாவாகத் தெரிகிற வகை) பாக்டீரியாவைப் பெரும்பாலும் அது வளர விடாது. பேசில்லஸ் கிராம்-பாசிட்டிவ். நீங்கள் தேடுகிற ஆள் அந்தத் தட்டில் முளைக்கவே முடியாது! கேட்காமல் அதை யாரும் தேடவும் மாட்டார்கள், ஏனென்றால் நோயில்லாதவர் மலத்திலும் அது இருக்கலாம், கிடைத்தாலும் எதுவும் நிரூபணம் ஆகாது. மிஞ்சிய சோறு கிடைத்திருந்தால் கதை வேறு, ஒரு கிராம் சோற்றில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் நியாயமாகச் சொன்னால் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியாவும் இதே கூத்தை இதே நேரத்தில் ஆடும், அது சமைக்கிறவர் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ வருவது, அதன் நச்சும் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். சோறு என்பதால் நான் சீரியஸ் பக்கம் சாய்கிறேன். பெயர் சீரியஸ் என்றாலும் பெரும்பாலும் சீரியஸ் ஆகாது (லத்தீனில் மெழுகு என்று அர்த்தம், காலனி மெழுகு மாதிரி இருக்கும்). அபூர்வமாக ஈரலைத் தாக்கியிருக்கிறது, அதனால் வாந்தி நிற்காமல் பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

செமஸ்டர் நாலு:

அண்ணா, பினாங்கில் எம்.எல்.டி. (மருத்துவ லேப் படிப்பு) படிக்கிறேன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எக்ஸோடாக்சின் (பாக்டீரியா வெளியே விடுகிற நச்சு) புரோட்டீன், சூட்டில் கெட்டுவிடும், எண்டோடாக்சின் சூடு தாங்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எண்டோடாக்சின் கிராம்-நெகட்டிவ் சுவரில் இருக்கிற லிப்போபாலிசாக்கரைடு, பேசில்லஸுக்கு அது கிடையாதே? அப்புறம் எப்படித் தாங்குகிறது? இன்னொன்று, தட்டில் வந்துவிட்டால் சீரியஸையும் ஸ்டெபிலோவையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஊதாக்கறை:

நல்ல கேள்வி தங்கச்சி, தேர்வுக்கு அந்த அட்டவணையையே எழுது, மார்க் வரும். லேப்புக்கு வந்ததும் விதிவிலக்கை மனப்பாடம் செய். போட்டுலினம் நச்சு 85 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் செயலிழந்துவிடும், அட்டவணை சொல்வது அந்த மாதிரி ஆட்களுக்கு. செருலைடு முழுப் புரோட்டீனே இல்லை, வளையமாக மூடிய ஒரு குட்டி மூலக்கூறு, சூட்டில் பிரிந்து விரிய அதில் மடிப்பே இல்லை, இரைப்பை அமிலமும் அதை உடைக்காது. ஸ்டெபிலோவின் நச்சான என்டரோடாக்சின் புரோட்டீன்தான், ஆனால் இறுக்கி மடித்த கட்டு. இதே சீரியஸின் இன்னொரு நச்சு, எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கு தருவது, 56 டிகிரியிலேயே ஐந்து நிமிடத்தில் கெட்டுவிடும். ஒரே பாக்டீரியா, இரண்டு நச்சு, ஒன்றுக்கு நேர்மாறு இன்னொன்று.

பிரிப்பதற்கு முதலில் கிராம் கறைதான். கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சஃப்ரானின், இதுதான் வரிசை. முறை 1884-ல் வந்தது, சஃப்ரானின் பின்னால் சேர்ந்தது. ஆல்கஹாலைக் கொஞ்சம் அதிக நேரம் ஓடவிட்டால் ஊதா எல்லாம் சிவப்பாகிவிடும், என் முதல் மாதத்தில் ஒரு டப்பா ஸ்லைடு அப்படிப் போனது. இரண்டும் ஊதாதான், ஆனால் ஸ்டெபிலோ திராட்சைக் கொத்து, பேசில்லஸ் நீளக் கோல், சில கோல்களின் உள்ளே கறை ஏறாத வெள்ளைப் பொட்டு தெரியும், அதுதான் அந்த ஸ்போர். கேட்டலேஸ் சோதனையை நம்பிப் பிரிக்காதே, ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டுமே சோடா மாதிரி நுரைக்கும். அது ஸ்டெபிலோவையும் ஸ்ட்ரெப்டோவையும் பிரிக்கத்தான், ஸ்ட்ரெப்டோ சும்மா கிடக்கும். ஸ்டெபிலோவிலேயே ஆரியஸா என்று பார்க்க முயல் பிளாஸ்மாவில் கோயாகுலேஸ் சோதனை, ஆரியஸ் என்றால் பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்குள் குழாயைச் சாய்த்தால் ஜெல்லி மாதிரி உறைந்து நிற்கும்.

பந்திக்கார மாமா:

செந்தூலில் முப்பது வருடமாகச் சமையல் எடுக்கிறேன் தம்பி. சட்டியோடு சோற்றை விடவே மாட்டோம், அகலத் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜ். ஆனால் ஒன்று கேட்கிறேன், தோட்டத்தில் எங்கள் பாட்டி ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயத்தோடு பால்மரம் வெட்டப் போகிற அத்தனை பேருக்கும் கொடுத்தது. யாரும் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லையே?

ஊதாக்கறை:

மாமா, பழைய சோற்றில் லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொண்டு புளிக்க வைத்துவிடும், புளிப்பு ஏற ஏற சீரியஸுக்குத் தலையெடுப்பது கஷ்டம். தண்ணீரும் சோற்றைச் சீக்கிரம் ஆற்றிவிடும். மூடின சட்டியில் இது இரண்டும் நடப்பதில்லை. அதற்காகப் பழைய சோறு எப்போதும் பத்திரம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பட்டர்வொர்த் மல்லி:

எல்லோருக்கும் நன்றி. மிச்சச் சோற்றை அன்றைக்கே கொட்டிவிட்டேன், அதனால் இனி எதையும் நிரூபிக்க முடியாது. இதுவே கடைச் சாப்பாடாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? மாமியாரிடம் சொன்னேன், "நெருப்புக்கே அடங்காத விஷமா" என்று கேட்டுவிட்டு இன்று சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்திருக்கிறார். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதையும் விடவில்லை.

ஊதாக்கறை:

கடையென்றால் மிச்சத்தைக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மலேசியாவின் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, மருத்துவர்கள் அறிவித்தாக வேண்டிய நோய்களில் உணவு நச்சும் ஒன்று. ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் போதும் அக்கா, அப்புறம் உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். கேக்கை வெளியே எடுங்கள்.