ஆர்குட் எப்படி காலியாச்சு?

பழைய ஸ்கிராப்:
காலேஜ் டைம்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, ஆர்குட்ல என்னப் பத்தி நாலு வரி புகழ்ந்து டெஸ்டிமோனியல் எழுதுடான்னு ஃபிரண்ட்ஸ கெஞ்சின ஆளு நான். ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்தின அந்த சைட்ட 2004ல ஆரம்பிச்சு 2014 செப்டம்பர் 30ல மூடிட்டாங்க. அவ்ளோ கூட்டமும் எங்கங்க போச்சு?

கொசுவத்தி:
ஒரே நாள்ல போகல. இந்தியா, பிரேசில்லதான் அது ராஜா, அமெரிக்காவுல பெருசா எடுபடல. 2006ல ஃபேஸ்புக் எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க, அங்க நியூஸ்ஃபீட்ல எல்லாம் தானா வந்து விழும், இங்க ஒவ்வொருத்தர் பக்கமா போய் எட்டிப் பாக்கணும், பாத்தா விசிட்டர் லிஸ்ட்ல பேர் வேற வந்துடும் 😀

வெட்டிப்பய:
அந்த லிஸ்ட்ல தெனமும் மாட்டினவன் நான், விடுங்க.

டீக்கடை:
நாலு பேரு கெளம்பினா மீதிப்பேரும் பின்னாடியே போவான். கூகுளே அடுத்து கொண்டுவந்த கூகுள் ப்ளஸ் 2011ல வந்து 2019ல போச்சு, அங்க வீடு கட்டியும் யாரும் குடிவரல. ஆர்குட்டாவது வாழ்ந்து கெட்ட குடும்பம்.

பழைய ஸ்கிராப்:
ஒரு டெஸ்டிமோனியல பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், மை மங்கிப் போச்சு.