மறு: மேசை விசிறியின் குமிழுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,
மேசை மின்விசிறிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை 10 மணிக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும். மோட்டாரின் மேல் ஒரு குமிழ் உண்டல்லவா? அமுக்கினால் விசிறி இடமும் வலமுமாகத் திரும்பி வீசும்; இழுத்துவிட்டால் ஒரே பக்கம் நிற்கும். அந்த ஆட்டத்துக்கு 'அலைவு' என்று எழுதினேன். "விசிறி வீடெல்லாம் அலையுமா?" என்கிறாள் மனைவி.

*

ஐயா, 'அலைவு' பாடநூல் சொல்தான். தனி ஊசலின் குண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி போய்த் திரும்பினால் ஓர் அலைவு. ஒரு மீட்டர் நூலென்றால் ஏறத்தாழ 2 விநாடி. ஆனால் வகுப்பில் 'அலைவு' என்றதும் பாதிப் பிள்ளைகள் கடலலை வரைகிறார்கள். 'அதிர்வு' மட்டும் வேண்டாம். விசிறி அதிர்ந்தால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

*

'ஊசல்' இருக்க ஏன் இந்த அலைச்சல்? சிலம்பின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி, மணிவாசகருக்குத் திருப்பொன்னூசல், பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குக் கடைசிப் பருவமே ஊசல். அது மெல்லினம் ஏற்று ஊஞ்சல் ஆயிற்று. துணிக்குள் போய்ப் போய் மீளும் ஊசியும் இவ்வேரில் பிறந்ததுதானோ என்பது என் நெடுநாள் ஐயம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

*

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். 'ஊசல் குமிழ்' என்று அச்சிட்டால், மோந்து பார்த்துவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஊசுவது சாம்பார்; ஊசலாடுவது உயிர். தவிர, ஊசல் தொங்குவது, விசிறி நிற்பது. கடைத்தெருவில் 'தலையாட்டுகிற விசிறி' என்றுதான் கேட்கிறார்கள். தஞ்சாவூர்ப் பொம்மைக்குத் 'தலையாட்டி' பொருந்தும்போது விசிறிக்கு என்ன குறை?

*

தலையாட்டுவது ஆமோதிப்பது, பூம்பூம் மாட்டின் வேலை. விசிறி இடவலமாக ஆட்டுவதோ 'இல்லை' என்பதற்கு.

*

தமிழர் இடவலமாக ஆட்டினாலும் பல சமயம் 'ஆம்'தான், அம்மா. மாமியார் வீட்டில் பார்த்ததில்லையா?

*

அனைவருக்கும் நன்றி. மணி 9.40. 'தலை திரும்பும் குமிழ்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சரி என்றீர்கள், களைப்பில்தான் என்றாலும். மனைவியும் ஒப்புக்கொண்டாள்.

*

நான் ஒப்பவில்லை. குமிழுக்குப் பெயர் வைத்தீர்கள், ஆட்டம் பெயரில்லாமலே நிற்கிறது. ஊசல் பற்றிய என் கட்டுரை இத்துடன் வருகிறது, 14 பக்கம். இது முதற்பகுதி.