இந்த ஏரிக்கரை முகாம் எது? படத்தைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு யார்டு சேலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாங்கினேன். சுருட்டி வைத்திருந்த நீளப் படம், பிரித்தால் மூன்றடி வருகிறது. ஏரிக்கரையில் அரைக்கால் சட்டைப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் படகுத்துறை, கவிழ்த்து வைத்த படகுகள்.

இடது கோடியில் காது விடைத்த ஒரு பையன். வலது கோடியிலும் அவனேதான், தலை கலைந்து, வாயெல்லாம் சிரிப்பாக! 1904க்குப் பிறகு வந்த சர்க்கட் கேமரா மெல்லச் சுழன்று படமெடுக்கும். அது திரும்புவதற்குள் பின்பக்கமாக ஓடி வந்து நின்றிருக்கிறான். அவன் வீட்டாரிடம் இதைச் சேர்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அங்கே ஸ்குவாம் ஏரியில் 1881ல் தொடங்கிய சொகோருவா என்ற பையன்களின் கோடை முகாம் 1889லேயே முடிந்துவிட்டது. எனவே அது இல்லை. சட்டைகளில் ‘டபிள்யூ’ எழுத்து இருக்கிறது. வின்னிபெசாகி ஏரிப் பக்கமோ? அந்தப் பகுதியில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், ஓரங்கள் நொறுங்குகின்றன. லேசாக ஈரப்பதம் காட்டி விரிக்கலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதுவரை சுருட்டியபடியே வைத்திருக்கிறேன்.