கோஸ்டிங்: துடைத்த பிறகும் பலகையில் நிற்கும் எழுத்துக்கு என்ன பெயர்?

மேலூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிகளில் எழுதுபலகைகளைப் பராமரிப்பது பற்றிய கையேட்டுக்குக் கலைச்சொல் பட்டியல் தயாராகிறது. பலகை, சட்டம், துடைப்பான், சுண்ணக்கட்டி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. இடிப்பது ஒரே இடத்தில்தான். துடைத்த பிறகும் பழைய எழுத்து மங்கலாகத் தெரிகிறதே, அதைப் பலகை விற்பவர்கள் ‘கோஸ்டிங்’ என்கிறார்கள். வகுப்பில் ‘போர்டு அழிய மாட்டேங்குது’ என்பதோடு சரி. இன்று எழுதிய 3, அடியில் கிடக்கும் நேற்றைய எழுத்தோடு சேர்ந்து கடைசி பெஞ்சுக்கு 8 ஆகத் தெரிவது இதனால்தான். பெயர் வைக்காமல் விட முடியாது.

கைவசம் உள்ளவை: பேயெழுத்து, நிழலெழுத்து, எழுத்தெச்சம், கறை. முதலாவது ஆங்கிலத்தை அப்படியே தூக்கி வைத்தது, அதை விட்டுவிடலாம். மற்றவை பற்றிச் சொல்லுங்கள். சிமெண்ட் பலகை, வெண்பலகை, தொடுதிரை மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா என்பதும் தெரிய வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து (வண்ணப்பூச்சு வேலை)

வணக்கம் சார். சொல்லுக்கு முன்னால், எழுத்து எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துவிடுவோம்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் பாதிக்கு மேல் சுவரோடு சேர்ந்த சிமெண்ட் பலகைதான். பூச்சு வேலை முடித்து, மேலே சிமெண்ட் பாலோடு கறுப்பு ஆக்சைடு கலந்து வழவழப்பாக இழுத்து, காய்ந்த பின் கரும்பலகை பெயிண்ட் அடிப்பார்கள். இந்தப் பெயிண்டில் கறுப்புப் பொடி அதிகம், பிடிமான எண்ணெய் குறைவு. அதனால்தான் மினுமினுப்பில்லாமல், கைக்குத் தெரியும் அளவு சுரசுரப்பாக இருக்கும். அந்தச் சுரசுரப்பு கட்டியை உரசித் தூளை வாங்கிக்கொள்கிறது. மிச்சம் இருக்கிறதே என்று இரும்புக் கேட்டுக்கு அடித்த கறுப்பு எனாமல் பெயிண்டை அடித்தால் ‘போர்டு வழுக்குது’ என்பார்கள். கட்டி சறுக்கும், எழுத்து விழாது, ஜன்னல் வெளிச்சம் பளீரென்று அடிக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நீங்கள் கேட்கும் கோளாறு. புதுப் பெயிண்டில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் திறந்தே கிடக்கும். முதல் நாளே அழுத்தி எழுதினால் அந்தக் கோட்டில் மட்டும் குழிகள் தூளால் நிரம்பிவிடும். துடைப்பான் மேலே இருப்பதைத்தான் எடுக்கும். உள்ளே போனதை எடுக்காது. திறப்பு விழாவுக்கு எழுதிய ‘நல்வரவு’ வருடக்கணக்கில் தெரிவது இப்படித்தான்.

தடுக்கும் வழி எளிது. சிமெண்ட் பூச்சு 4 வாரமாவது காய வேண்டும். ஈரச் சுவரின் காரம் எண்ணெய்ப் பெயிண்டைத் தின்று பொரிய வைத்துவிடும். பழைய பலகையானால் பொரிந்ததைச் சுரண்டி, 120ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220ஆம் எண். தூசியைத் துடைத்து மெல்லிசாக இரண்டு கை, நடுவே ஒரு நாள் இடைவெளி. பலகைப் பரப்பில் குழி நிரப்பும் பட்டி வைக்கக் கூடாது, பிறகு அதோடு சேர்ந்து உரிந்து வரும். நன்றாக இறுகக் குறைந்தது 3 நாள் விட்டுவிட்டு, ஒரு முழுக் கட்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து, மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம், பலகை முழுக்க வெள்ளையாகும் வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எல்லாக் குழியும் சமமாக நிரம்பிவிட்டால் தனியாக ஓர் எழுத்து தங்க இடமில்லை. இந்த வேலைக்கும் ஒரு சொல் வையுங்கள். இதைச் செய்யாமல் விடுவதுதான் பாதிப் பிரச்சினை.

‘நிழல்’ வேண்டாம். எங்கள் தொழிலில் பழைய பெயிண்ட் புதுப் பெயிண்டின் அடியில் தெரிந்தால் ‘நிழலடிக்குது’ என்போம். அது வேறு கோளாறு.

மதுரை நகரிலிருந்து (வேதியியல் ஆசிரியர்)

‘நிழல்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளக்கு முதுகுப்பக்கம் இருந்தால் ஆசிரியரின் நிழலே பலகையில் விழுகிறது. கையேட்டில் அதற்கும் ஒரு தலைப்பு வரும்.

‘எச்சம்’ அகராதிப்படி சரியான சொல். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெயரெச்சம், வினையெச்சம், இல்லாவிட்டால் காக்கை போட்டது. ‘கறை’ என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டியது என்று பொருள்படும். இங்கே தங்குவது எழுதிய பொருளேதான்.

திருமங்கலத்து ஐயா சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்க வேண்டும். இங்கே கிடைக்கும் சாக்பீஸில் பெரும்பாலானது ஜிப்சத்தைச் சுட்ட பாரிஸ் சாந்தைக் கரைத்து அச்சில் ஊற்றியது. கெட்டியானதும் அது மறுபடி ஜிப்சம். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரையும். ஈரத்துணியால் துடைக்கும்போது கொஞ்சம் கரைந்து, குழிக்குள் இறங்கி, தண்ணீர் காய்ந்ததும் அங்கேயே படிகமாகிவிடுகிறது. உலர்ந்த தூளைவிட அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தூசி குறைந்தது என்று விற்கும் கால்சியம் கார்பனேட் கட்டிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு; அது தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் போர்த்தண்ணீர் உப்புத்தண்ணீர். அதில் துணியை நனைத்தால் தண்ணீரின் உப்பும் சேர்ந்து பலகை முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். தினமும் உலர்ந்த துடைப்பான், வாரம் ஒரு முறை நன்றாகப் பிழிந்த துணி, அதுவும் நல்ல தண்ணீரில் என்று கையேட்டில் எழுதுங்கள்.

வெண்பலகையில் கதை வேறு. மார்க்கர் மையில் ஆல்கஹால், நிறமி, பிசின், அதோடு பரப்பில் பிசின் ஒட்டாமல் தடுக்கும் எண்ணெய்ப் பசைப் பொருள் ஒன்று. எழுதியதை ஒரு வாரம் அப்படியே விட்டால், அதிலும் மேற்கு வெயில் படும் சுவரில் விட்டால், மை இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேலேயே புது மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால், புது மையின் ஆல்கஹால் பழையதை இளக்கி எடுத்து வரும். நிரந்தர மார்க்கரால் தவறி எழுதியதற்கும் இதே மருந்து. தேங்காய் நார், கம்பி நார் இரண்டும் கூடவே கூடாது. மெலமைன் பலகையின் மேல்தோல் மெல்லியது. ஒரு தரம் கீறிவிட்டால் அந்தக் கீறலில் மை இறங்கும், பிறகு எதற்கும் வராது. எஃகுத் தகட்டில் எனாமலைச் சூளையில் உருக்கிப் படியவைத்த பலகையின் பரப்பு கண்ணாடி போன்றது. அதில் இந்தப் பாதிப்பு குறைவு, விலைதான் கூட. காந்தம் ஒட்டாவிட்டால் எஃகுப் பலகை இல்லை என்று உறுதி. ஒட்டினால் மட்டும் எனாமல் என்று நம்பிவிடக் கூடாது, தகட்டில் வெறும் பெயிண்ட் அடித்தும் விற்கிறார்கள்.

ஆக, சுண்ணத்திலும் மையிலும் நடப்பது ஒன்றே: எழுதுபொருள் பரப்புக்குள் இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் போதும். ‘தடம்’ என்று வைக்கலாமா?

வாடிப்பட்டியிலிருந்து (ஆசிரியர் பயிற்சி)

சார், தடத்தைவிடச் ‘சுவடு’ பொருத்தம் என்று படுகிறது. தடம் என்றால் போகிற பாதையும் ஆகும். சுவடு என்றால் வந்தது போய்விட்டது, அடையாளம் மட்டும் நிற்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணச்சுவடு, மைச்சுவடு என்று பிரிக்கவும் வசதி. சுவடியோடு குழம்புமே என்று யாராவது கேட்கலாம். குழம்பாது, ஏட்டுக்கட்டை யாரும் சுவரில் தேட மாட்டார்கள்.

சுவடியை இங்கே நினைத்துப் பார்ப்பதில் பயனும் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் கீறியதும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கோவை இலை, ஊமத்தை இலைச் சாற்றில் கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். அதுதான் மையாடல். கிராமத்துப் பள்ளிகளில் வெளுத்த கரும்பலகைக்குப் பூசியதும் இதே இலைகளும் அடுப்புக்கரியும்தான். சாறு பிடிமானம், கரி நிறம். ஓலையில் பள்ளத்துக்குள் நிற்பதற்காகப் பூசினார்கள், பலகையில் பள்ளத்தை மூடுவதற்காகப் பூசினார்கள். பூச்சு இரண்டு மூன்று வாரம் தாங்கும், மறுபடி அரைக்க வேண்டும். ஊமத்தை நஞ்சு, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது; இந்த எச்சரிக்கை கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

பலகையின் வரலாற்றை இந்தக் கோளாறின் வழியாகவே சொல்லிவிடலாம். திண்ணைப் பள்ளி மணலில் சுவடே கிடையாது, கையால் நிரவினால் போயிற்று. 1789 முதல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு, பின்பு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். கறுப்புப் பலகையும் வெளியிலிருந்து வந்ததென்று எழுதிவிடாதீர்கள். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்-பிரூனி, இந்தியப் பள்ளிகளில் பிள்ளைகள் கறுப்புப் பலகையில் நீளவாட்டில் வெள்ளைப் பொருளால் எழுதுவதைக் குறித்திருக்கிறார். வகுப்பு முழுவதும் பார்க்கும் பெரிய பலகை பரவியது 19ஆம் நூற்றாண்டில். எடின்பரோ உயர்நிலைப் பள்ளியில் ஜேம்ஸ் பில்லன்ஸ் அதில் வண்ணக் கட்டிகளால் புவியியல் நடத்தினார். கற்பலகை மணி நெருக்கமான கல்; நன்றாகத் துடைபடும், கீறல்தான் எதிரி. பெயிண்ட் அடித்த மரமும் சிமெண்ட்டும் மலிவாக வந்தன, குழிகளையும் கொண்டு வந்தன. 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தபோது தொடக்கப்பள்ளிக்குக் குறைந்தபட்சம் வேண்டியவற்றின் பட்டியலில் பலகையும் இருந்தது. செயல்வழிக் கற்றலில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிப் பலகை இறங்கியது. அந்தத் தாழ்பலகையில்தான் சுண்ணச்சுவடு மிக அதிகம்: பிள்ளைகள் அழுத்தி எழுதுவார்கள், எச்சில் தொட்டும் ஈரக்கையாலும் அழிப்பார்கள். பச்சைக் கண்ணாடிப் பலகை வந்தபின் இது பெரிதும் குறைந்தது. கண்ணாடியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பின்புறம் பச்சை அடிப்பதால் பெயிண்ட் கட்டியைத் தொடுவதே இல்லை.

திருமங்கலத்து ஐயா கேட்ட இன்னொரு சொல் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குகிறோம். பலகையையும் பழக்கலாம். ‘புதுப் பலகையைப் பழக்காமல் எழுதாதீர்கள்’ என்றால் எந்த ஊர்ப் பள்ளியிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து (தொடுதிரை பழுதுபார்ப்பு)

பழக்குதல் அருமை, டீச்சர். சுவடுக்கும் என் வாக்கு. ஆனால் தொடுதிரைக்கு அதை நீட்ட வேண்டாம்.

வகுப்பில் மாட்டும் 65, 75 அங்குலப் பேனல்கள் எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால், மாற்றிய பின்னும் அதன் மங்கல் உருவம் தெரியும். அங்கே எந்தப் பொருளும் ஒட்டவில்லை; திரவப் படிகத்தில் தங்கிய மின்னேற்றத்தால் வருவது. வெள்ளைத் திரையை ஓடவிட்டாலோ, சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ பெரும்பாலும் தானே போய்விடும். இதையும் ‘சுவடு’ என்றால் ஆசிரியர் துணியை எடுத்துத் தேய்ப்பார், ஸ்பிரிட் ஊற்றுவார், கண்ணாடியின் மேலுள்ள, கண் கூச்சம் தடுக்கும் பூச்சு போய்விடும். ‘பிம்பத் தேக்கம்’ என்று தனியாக வையுங்கள்.

இன்னொன்று. இந்தப் பேனல்களில் பல, சட்டத்தைச் சுற்றி வைத்த அகச்சிவப்பு விளக்குகளின் கதிரை விரல் மறைப்பதை வைத்துத் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. பக்கத்திலேயே சாக்பீஸ் பலகை இருந்தால் அந்தத் தூள் கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் படிந்து, தொடாத இடத்தில் கோடு விழும். அதையும் கோஸ்டிங் என்றே எங்களிடம் புகார் செய்கிறார்கள். அது ‘பொய்த்தொடுகை’. மருந்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் நாலு பக்கச் சட்டத்தையும் துடைப்பதுதான்.

மேலூரிலிருந்து

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்:

சுவடு: துடைத்த பின்னும் எழுதுபொருள் பலகைப் பரப்புக்குள் தங்கித் தெரிவது. சுண்ணக்கட்டியால் வருவது சுண்ணச்சுவடு, மார்க்கரால் வருவது மைச்சுவடு.

பழக்குதல்: பெயிண்ட் இறுகிய புதுப் பலகை முழுவதும் கட்டியைப் படுக்கை வாட்டில் தேய்த்துத் துடைத்து, எழுதத் தயார் செய்வது. மறுபடி பெயிண்ட் அடித்தால் மறுபடி பழக்க வேண்டும்.

பிம்பத் தேக்கம், பொய்த்தொடுகை: இரண்டும் தொடுதிரைப் பக்கத்தில் மட்டும், ‘துணியால் தேய்க்க வேண்டாம்’ என்ற குறிப்போடு.

பச்சைக் கண்ணாடிப் பலகையைப் பழக்க வேண்டுமா என்று வாடிப்பட்டி அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. பெயிண்ட் இல்லாவிட்டாலும் தேய்த்த பரப்பு தேய்த்த பரப்புதானே?

வாடிப்பட்டியிலிருந்து

ஒரு தரம் பழக்கிவிடுங்கள் சார். பெயிண்ட் பலகைக்கு ஒரு முழுக் கட்டி கரையும். இதற்கு அரைக் கட்டி போதும்.