புது கார், அதற்குள் பெயிண்ட் தெறிக்கிறது: கல்லடியா, பூச்சிலேயே குறையா?

அடர்நீலம்:

வாங்கி ஒரு வருஷம் ஆகாத கார், மெட்டாலிக் நீலம். பானெட்டின் முன் விளிம்பில் கடுகு அளவில் அங்கங்கே பெயிண்ட் தெறித்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் அடியில் சாம்பல் நிறம், இரண்டில் மட்டும் பளிச்சென்று ஏதோ தெரிகிறது. பின் கதவின் அடியில், சக்கர வளைவை ஒட்டியும் இதே மாதிரி. இதுவரைக்கும் கல்லடி என்றே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் முன் பம்பரின் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செதில் முழுசாக உரிந்து கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. இடித்த தடமோ கீறலோ அங்கே இல்லை. சர்வீஸ் சென்டரில் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, "கல்லடி, வாரன்ட்டியில் வராது" என்கிறார்கள்.

இப்போது வரும் கார்களில் பெயிண்டே மெல்லிசாகத்தான் அடிக்கிறார்களா? கல்லடி எது, ஒட்டாமல் உரிந்தது எது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா? துரு ஏறுவதற்குள் டச்-அப் செய்துவிடலாமா? செராமிக் கோட்டிங் போட்டால் இது நிற்குமா?

மைக்ரான்:

பம்பரில் டச்-அப் பிரஷ் படவே கூடாது, இப்போதைக்கு. வாரன்ட்டி பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த உரிந்த இடம்தான். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் படம் எடுங்கள். உரிந்த செதில் கிடைத்தால் ஒரு சின்ன கவரில் போட்டு வையுங்கள்.

தடிமன் பற்றி. தொழிற்சாலைப் பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் வரைதான். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். தகட்டின் மேல் முதலில் ஜிங்க் பாஸ்பேட் போன்ற மெல்லிய முன்பூச்சு. அதன் மேல் ஈ.டி. கோட், சுமார் 20 மைக்ரான். வண்டியின் கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படிய வைப்பது, துருவுக்கு எதிரான முக்கியமான காவல் இதுதான். பிறகு பிரைமர் 30-35, நிறம் தரும் பேஸ் கோட் 12-20, கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் 35-50. சில ஆலைகளில் இப்போது பிரைமருக்கென்று தனி அடுக்கும் தனி அடுப்பும் இல்லை. அந்த வேலையை பேஸ் கோட்டின் முதல் பூச்சு பார்க்கிறது. அதனால் மொத்தத் தடிமன் குறைகிறது. ஆனால் மெல்லிசு என்பதற்காகவே பலவீனம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கல் பட்டால் தாங்குவது தடிமனால் மட்டும் வருவதில்லை, நடு அடுக்கின் நெகிழ்வும் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பும் சேர்ந்து தருவது. கிளியர் கோட் ரொம்பக் கடினமாக இருந்தால் கீறல் விழாது, ஆனால் கல் பட்டதும் சில்லாக உடையும்.

இதற்கென்றே சோதனை உண்டு. ஐ.எஸ்.ஓ. 20567-1 முறையில் 4-5 மில்லிமீட்டர் இரும்புக் குருணையைக் காற்றழுத்தத்தில் பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் வீசுவார்கள். பிறகு டேப் ஒட்டி, தளர்ந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, எவ்வளவு பெயர்ந்தது என்று பார்ப்பார்கள். எந்த அடுக்குக்கும் எந்த அடுக்குக்கும் நடுவில் பிரிந்தது என்பதையும் குறிப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியதும் அதையேதான்.

கல்லடி என்றால் குழி மாதிரி இருக்கும்: ஓரம் ஒழுங்கில்லாமல், படிப்படியாக அடுக்குகள் தெரியும், நடுவில் கல் மோதிய புள்ளி இருக்கும். இடமும் பேசும். பானெட் முன் விளிம்பு, கண்ணாடிக்கு மேல் கூரையின் முனை, பக்கக் கண்ணாடியின் கூடு, சக்கரத்துக்குப் பின்னால் கதவின் அடி, இவையெல்லாம் கல் வரும் வழி. ஒட்டாமல் உரிந்தது என்றால் அடி வழவழவென்று சுத்தமாக இருக்கும். ஓரம் தகடு மாதிரி நிற்கும், நகத்தால் நெம்பினால் இன்னும் கொஞ்சம் எழும்பும். செதிலின் முதுகில் எல்லா அடுக்கும் சேர்ந்தே வந்திருக்கும்.

டேப் சோதனை: படம் எடுத்த பிறகு, நல்ல பிசினுள்ள பார்சல் டேப்பை உரிந்த ஓரத்தின் மேல் ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தி, ஒரு நிமிஷம் விட்டு, விருட்டென்று இழுங்கள். பிடிப்புள்ள பெயிண்டில் எதுவும் வராது. ஓரம் பெரிதானால் அது கல் செய்த வேலை இல்லை.

பானெட்டில் பளிச்சென்று தெரியும் அந்த இரண்டு: மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (மின்சாரம் பாய வழி இருந்தால் சத்தம் தரும் நிலை) வைத்து, ஒரு முனையை பாடியின் எர்த் போல்ட்டிலும் இன்னொன்றைக் குழியின் அடியிலும் அழுத்தாமல் தொடுங்கள். சத்தம் வந்தால் தகடு வெளியே வந்துவிட்டது, அவசரம். வராவிட்டால் பெரும்பாலும் ஈ.டி. கோட் இன்னும் இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம். சாம்பல் நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஜிங்க் முலாம் பூசிய தகடும் மங்கலான சாம்பலாகத்தான் தெரியும்.

உப்புத்தாள்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பானெட்டுக்கான டச்-அப் முறையைச் சொல்கிறேன். பலர் கெடுப்பது இங்கேதான்.

பெயிண்டின் நிறக் குறியீட்டு எண்ணை ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் பார்த்து, பேஸ் கோட்டும் கிளியரும் தனித்தனிப் பாட்டிலாக வாங்குங்கள். இரண்டும் கலந்து ஒரே பேனாவில் வருவது மெட்டாலிக் நிறத்துக்குச் சரிப்படாது. வண்டியைக் கழுவி, முழுசாகக் காயவிட்டு, அந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெழுகு ஒரு துளி இருந்தாலும் பெயிண்ட் சுருண்டு விலகும். ஓரத்தில் தளர்ந்து நிற்பதைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். துரு இருந்தால் கண்ணாடியிழை பேனாவால் சுரண்டுங்கள். அது இல்லையென்றால் தீக்குச்சி முனையில் 1000 எண் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால் போதும். ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றி நிலைப்படுத்தும் திரவம்) துரு இருக்கிற இடத்துக்கு மட்டும். சுத்தமான தகட்டில் அது மிஞ்சினால் மேலே வருகிற பெயிண்டின் பிடிப்பைக் கெடுக்கும்.

தகடு தெரிகிற குழிக்கு எபாக்ஸி பிரைமர் ஒரு பொட்டு. பாட்டிலோடு வரும் பிரஷ் இதற்கு ரொம்பப் பெரிது. ஓவியம் வரையும் 000 பிரஷ்ஷோ பல் குத்தும் குச்சியின் முனையோதான் சரி. குழியின் நடுவில் வைத்தால் பிரைமர் தானாக ஓரம் வரை பரவும். ஓரத்தைத் தாண்டி மேலே ஏறினால் அளவு அதிகம்.

நிறத்துக்கு முன் பாட்டிலை முழுசாக 2 நிமிஷம் குலுக்குங்கள். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் எடுத்தால் பொட்டு இருட்டாகத் தெரியும். மெல்லிசாக 2 அல்லது 3 தடவை, இடையில் 20-30 நிமிஷம். நிறம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும். மிச்சப் பள்ளத்தை நிரப்புவது கிளியர். கிளியர் காயும்போது சுருங்கும் என்பதால் இரண்டு மூன்று தடவையாக வைத்து, கடைசியில் தலை லேசாக மேடாக நிற்கிற மாதிரி விடுங்கள். நிழலில் செய்ய வேண்டும், தகடு தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. வெயிலில் செய்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் பிறகு கொப்புளமாக வெளியே வரும்.

மேட்டைச் சமப்படுத்த குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். மறுநாளே தேய்த்தால் பிற்பாடு அந்த இடம் மறுபடி உள்வாங்கும். மேட்டைச் சுற்றி டேப் ஒட்டி, 2000 எண் உப்புத்தாளைச் சின்ன ரப்பர் துண்டில் சுற்றி, சோப்புத் தண்ணீரோடு மேட்டை மட்டும் தேயுங்கள். டேப் தேயத் தொடங்கியதும் நிறுத்தி, டேப்பை எடுத்துவிட்டு 3000, அதன்பின் பாலிஷ் போடும் காம்பவுண்ட். சுற்றியிருக்கும் கிளியர் 35-50 மைக்ரான்தான் என்பது நினைவில் இருக்கட்டும். உள்ளே துரு போகாமல் காப்பதுதான் நோக்கம் என்றால் தேய்க்கவே வேண்டாம். சின்ன மேடு இருந்துவிட்டுப் போகட்டும். பானெட் விளிம்பில் அதுதான் என் பரிந்துரை, ஏனென்றால் விளிம்புகளில் உப்புத்தாள் நொடியில் கிளியரைத் தாண்டிவிடும்.

அடர்நீலம்:

இருவருக்கும் நன்றி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: பளிச்சென்ற இரண்டில் ஒன்றில் சத்தம் வருகிறது, மற்றதில் இல்லை. பம்பரில் டேப் இழுத்தபோது இன்னும் ஒரு பட்டை அப்படியே வந்துவிட்டது. பட்டையின் முதுகு வழவழப்பாக, வெளிர் சாம்பலாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் எதுவுமே ஒட்டியில்லை. தடிமன் மீட்டரைப் பானெட்டில் வைத்தால் 105-118, பம்பரில் எண்ணே வரவில்லை.

மைக்ரான்:

பானெட் எண்கள் தொழிற்சாலைப் பெயிண்டுக்கு உரியவை. மறுபடி அடித்திருந்தால் பெரும்பாலும் 200-ஐத் தாண்டும், பட்டி பார்த்திருந்தால் இன்னும் மேலே போகும். சத்தம் வந்த குழியை இந்த வாரமே முடித்துவிடுங்கள். பம்பரில் எண் வராதது மீட்டரின் கோளாறு இல்லை. சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக்குக்கு அல்ட்ராசோனிக் வகை வேண்டும்.

டேப்பில் வந்த பட்டைதான் உங்கள் பதில். பம்பர் ஈ.டி. தொட்டிக்குப் போவதே இல்லை. பாடிக்கான அடுப்புச் சூட்டை, அதாவது ஈ.டி.க்கு 160-180 டிகிரி, கிளியருக்கு 140 அளவில், அந்த பிளாஸ்டிக் தாங்காது. அதனால் தனியாக, குறைந்த சூட்டில் பெயிண்ட் ஆகிறது. பாலிபுரோபிலீன் வகை பிளாஸ்டிக்கில் பெயிண்ட் இயல்பாக ஒட்டாது. மேற்பரப்பைத் தீச்சுடரால் பதப்படுத்த வேண்டும், அல்லது பிடிப்பு தரும் அடீஷன் புரமோட்டர் அடிக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய ரிலீஸ் ஏஜென்ட் போகாமல் இருந்தாலும், புரமோட்டர் விடுபட்டாலும், எல்லா அடுக்கும் ஒன்றாக, பிளாஸ்டிக்கைச் சுத்தமாக விட்டுவிட்டு உரியும். நீங்கள் சொன்னது அச்சு அசல் அதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். வழியில் கீறல் பட்டு, கொடுப்பதற்கு முன் பம்பரை மறுபடி அடித்திருக்கவும் வாய்ப்புண்டு. சக்கர வளைவின் உள்பக்கம், விளக்கின் ஓரம், சென்சார் வளையம் ஆகியவற்றில் டேப் ஒட்டிய கோடு, பெயிண்ட் தூவல், தூசி மாட்டிய பருக்கள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் தொடர்பாக டெலிவரிக்கு முன் ஏதாவது வேலை நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

புகார் எழுதும்போது பானெட்டைக் கலக்காதீர்கள். கல்லடி பெரும்பாலான வாரன்ட்டியில் வராது. அதையும் சேர்த்து எழுதினால் மொத்தத்தையும் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பம்பர் மட்டும், "பெயிண்ட் பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை, அடுக்கு முழுவதும் பிரிகிறது" என்று, படங்களோடு. சரிசெய்ய ஒப்புக்கொண்டால் உரிந்த இடத்துக்கு மட்டும் அடித்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள். மிச்சப் பெயிண்டும் அதே பலவீனத்தோடுதான் நிற்கிறது. முழு பம்பரையும் பிளாஸ்டிக் வரை எடுத்து, புரமோட்டர் போட்டு அடிக்க வேண்டும், இல்லையேல் புது பம்பர்.

நிழற்குடை:

செராமிக் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது காய்ந்தபின் 1-2 மைக்ரான். தண்ணீர் ஓடும், அழுக்கு ஒட்டாது, பளபளப்பு நிற்கும். கல்லைத் தடுக்காது. "9எச்" என்பது பென்சில் கடினத்தன்மை அளவு, அதற்கும் கல்லடிக்கும் சம்பந்தமில்லை. கல்லைத் தாங்குவது பி.பி.எஃப். (பெயிண்டின் மேல் ஒட்டும் பாதுகாப்பு) ஃபிலிம் மட்டுமே: டி.பி.யூ. என்ற நெகிழும் பிளாஸ்டிக் வகை, 150-200 மைக்ரான், அடியின் வேகத்தை உள்வாங்கும். முழு வண்டிக்கும் தேவையில்லை. பானெட் முழுசும் (பாதியில் நிறுத்தினால் அந்தக் கோட்டில் அழுக்கு சேரும்), முன் பம்பர், பக்கக் கண்ணாடிக் கூடு, பின் சக்கர வளைவின் முன்பக்கம் போதும். வண்டியின் மேல் வைத்துப் பிளேடால் வெட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், கிளியரில் கோடு விழும். பிளாட்டரில் (கணினி வழி வெட்டும் இயந்திரம்) முன்கூட்டியே வெட்டிய ஃபிலிம்தான் வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். டச்-அப் செய்த இடத்துக்கு மேல் குறைந்தது நாலு வாரம் கழித்து ஒட்டுங்கள், மறுபடி அடித்த பம்பருக்கும் அப்படியே. உள்ளே தின்னர் இருக்கும்போது மூடினால் கொப்புளிக்கும். தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், அது அடுப்பிலேயே முழுசாக இறுகிவிட்டது. இப்போதைய பம்பரில் ஒட்டவே வேண்டாம். ஃபிலிமைக் கழற்றும் நாளில் பெயிண்டும் கூடவே வரும்.

அதுவரை முன்னால் போகும் லாரியிடமிருந்து தள்ளி ஓட்டுங்கள். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 80-லிருந்து 100 போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். பின் கதவு அடிக்கு, முன் சக்கரத்தில் மட் ஃபிளாப் இல்லையென்றால் மாட்டுங்கள். பிரஷர் வாஷ் செய்பவரிடம் பம்பர் மூலையைக் காட்டி, அந்த ஓரத்தில் நேராக அடிக்க வேண்டாம், நாஸிலை ஒன்றரை அடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஓரத்தின் அடியில் தண்ணீர் புகுந்தால் ஒரே கழுவலில் உள்ளங்கை அளவு போய்விடும்.